குழந்தை இருக்கையின் இரு கட்டுகள்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றால், உள்ளிருக்கும் குழந்தை அதே வேகத்தில் முன்னே பாயும். அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்வதற்கு ஒப்பாகும். தாயின் கைகள் அவ்விசையைத் தாங்கா. ஆதலின் மலேசியாவில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டுக் குழந்தை இருக்கை கட்டாயமாயிற்று.

கைக்குழந்தையின் தலை கனமானது, கழுத்தோ மெல்லியது. எனவே குழந்தை காரின் பின்புறம் நோக்கியே அமர்தல் வேண்டும். மோதலின் விசை அப்போது முதுகெங்கும் பரவும். காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் அவ்வாறு வைத்தலாகாது.

இருக்கையைக் காரோடு பிணிப்பது முதற்கட்டு: வார் செல்லுமிடத்தில் பற்றி அசைத்தால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரலாகாது. குழந்தையை இருக்கையோடு பிணிப்பது மறுகட்டு: தோள்வாரைக் கிள்ளினால் மடிப்பு எழலாகாது. ஒன்று நெகிழினும் மற்றது பயன் தராது.