மார்பில் பிரெஞ்சு பதக்கம், ஊர் புதுச்சேரி: யார் இந்த ‘சொல்தா’?

ஜூலை 14, நவம்பர் 11. இந்த இரண்டு நாளும் புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கம் போனால், கோட் மேல வரிசையா பதக்கம் குத்திய தாத்தாக்களைப் பார்க்கலாம். 1938இல் திறக்கப்பட்ட பிரெஞ்சு போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வருபவர்கள். ஊர் பாஷையில் இவர்கள் ‘சொல்தா’. படைவீரர் என்பதற்கான பிரெஞ்சு சொல்தான் இது.

எங்கே சண்டை போட்டாங்க?

பலர் காலாட்படையில் இருந்தவர்கள். முதலில் இந்தோசீனா (1946-54), அடுத்து அல்ஜீரியா (1954-62). இரண்டு இடத்திலும் எதிரில் நின்றவர்கள், பிரான்ஸிடம் விடுதலை கேட்டவர்கள். இதற்கிடையே, 1954 நவம்பர் 1 அன்று சொந்த ஊரே இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது.

அப்போ இவங்க எந்த நாட்டுக்காரங்க?

அதைப் பதக்கம் முடிவு செய்யவில்லை, ஒரு கடிதம்தான் முடிவு செய்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு ஒப்பந்தம் அமலானது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இந்தியர். எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர்தான்.

விளைவு?

ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட், பக்கத்து வீட்டுக்கு இந்திய பாஸ்போர்ட். பேரப்பிள்ளைகள் பாரிஸுக்குப் போவதா, இங்கேயே வேலை தேடுவதா என்பதுகூட அந்த ஆறு மாதத்தில் தாத்தா எடுத்த முடிவோடு சேர்ந்தே வந்தது.

அடுத்த முறை அந்தப் பதக்கங்களைப் பார்த்தால், எந்தப் போரில் வாங்கியது என்று கேளுங்கள். அப்படியே, 1962இல் எழுதிக் கொடுத்தீர்களா என்றும் கேளுங்கள்.