போலீஸ் ரிப்போர்ட் மட்டும் போதுமா? கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் பறிபோவது எப்படி?

கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானால் கோர்ட் வழக்கு தனி, லைசென்ஸ் தனி. லைசென்ஸை சஸ்பெண்ட் செய்வது மோட்டார் வாகனத் துறை. நோட்டீஸ் வந்த 10 நாட்களுக்குள் கேட்டால்தான் விசாரணை. விட்டால் போச்சு!

விசாரணைக்குப் போலீஸ்காரர் வர வேண்டும் என்பதில்லை. அவர் எழுதிய ரிப்போர்ட்டே சாட்சி. குறுக்கு விசாரணை வேண்டுமென்றால் சம்மன் அனுப்புவது டிரைவர் பாடு. 'காகிதம் வெறும் செவிவழிச் சாட்சியம்தானே' என்று தள்ளிவிட முடியாது. அரசு ஊழியர் தான் நேரில் பார்த்ததைக் கடமையாக உடனே பதிவுசெய்தால், சட்டம் அதற்கு விலக்கு தருகிறது.

ஆனால், விபத்துக்குப் பிறகு வந்த போலீஸ்காரர், 'இவர்தான் ஓட்டினார் என்று கடைக்காரர் சொன்னார்' என எழுதியிருந்தால்? பார்த்தது அவரல்ல, கடைக்காரருக்கோ பதிவுசெய்யும் கடமை இல்லை. இங்கேதான் ஆட்சேபிக்க வேண்டும், அதுவும் விசாரணை முடிவதற்குள். ஆட்சேபித்துவிட்டால் அந்த வரியை மட்டும் வைத்து லைசென்ஸைப் பறிக்க முடியாது. வேறு ஆதாரத்துக்குத் துணையாக மட்டுமே அது நிற்கும்.

'நான்தான் ஓட்டினேன்' என்று டிரைவரே போலீஸிடம் சொல்லியிருந்தால் கதை வேறு. 1997-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில் அதுதான் நடந்தது. சாட்சி சொன்னதாக எழுதிய வரி எடுபடவில்லை. டிரைவரின் ஒப்புதல் எடுபட்டது, அதுவும் சத்தியப் பிரமாணம் இல்லாத இன்னொரு போலீஸ் ரிப்போர்ட்டில் இருந்தது!