எந்தப் பக்கம் என்று சொல்லாத ஹாரன்

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் வண்டிகள் சிக்னலுக்கு நிற்கும்போது ஆம்புலன்ஸ் சைரன் எழுந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால் அங்கே இது அன்றாடக் காட்சி. சைரன் எல்லோர் காதிலும் விழுகிறது. ஆனால் ஒருவர் ஏ.வி. பாலத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் தல்லாகுளம் பக்கம் திரும்புகிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டிருக்கும் கார்க்காரர் முன்னும் பின்னும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஒதுங்க மனமில்லாதவர்கள் என்று இவர்களைத் திட்டுவது சுலபம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவும், அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் வழிவிட வேண்டுமென்றால் வண்டி எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டுமே. அதைச் சொல்ல வேண்டிய சைரனோ, காது திசை பிடிக்கத் தோதில்லாத ஒலியாக அமைந்திருக்கிறது. சத்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எவ்வளவு டெசிபல் என்றுதான் கேட்கிறோம். எந்த மாதிரி ஒலி என்று கேட்பதில்லை. சாலையில் நடப்பவரின் உயிர் பல நேரம் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நம்பியிருக்கிறது.

மூளை திசையைக் கண்டுபிடிக்க முக்கியமாக இரண்டு கணக்குகள் போடுகிறது. வலப்பக்கம் எழும் ஒலி வலக்காதை முதலில் தொடும். தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதை எட்டச் சற்றுத் தாமதமாகும். மதுரை வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. நம் தலையின் அளவுக்கு அந்தத் தாமதம் மிஞ்சிப்போனால் ஒரு நொடியைப் பத்தாயிரம் கூறு போட்டதில் ஏழு கூறு. அந்தத் துளி நேரத்தை மூளை அளந்துவிடுகிறது. ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகச் செல்லும். அதற்கு மேல் அலைகள் தலையைவிடச் சிறுத்துவிடுவதால், ஒரு காதில் விழுந்த அலைக்கு மறு காதில் எந்த அலை ஜோடி என்று மூளைக்குக் குழம்பிவிடும். உயர்ந்த ஒலிகளுக்கு வேறு கணக்கு இருக்கிறது. தலை குறுக்கே நின்று மறைப்பதால் மறுபக்கத்துக் காதில் சத்தம் குறைந்து விழும். அதைக்கொண்டு திசை பிடிக்கலாம். இது 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால்தான் தெளிவாகக் கைகொடுக்கும். இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபு 1907-இல் விளக்கிய இரட்டைக் கணக்கு இது. முதல் கணக்கு கைவிட்டு, இரண்டாவது இன்னும் கைக்கு எட்டாத இடைவெளி ஒன்று நடுவே இருக்கிறதல்லவா, சிக்கல் அங்கேதான். 1936-இல் ஸ்டீவன்ஸ், நியூமன் என்ற இருவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், எதிரொலி தொந்தரவு இல்லாதபடி உயரமான நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில்தான் பிழை உச்சத்துக்குப் போனது.

முன்னாலா பின்னாலா என்பது தனிச் சிக்கல். நேர் முன்னால் வரும் ஒலியும் நேர் பின்னால் வரும் ஒலியும் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் எட்டுகின்றன. மேலே சொன்ன இரண்டு கணக்கும் அங்கே செல்லாது. காப்பாற்றுவது காதுமடல். அதன் மேடுபள்ளங்கள், வரும் திசைக்கேற்ப ஒலியைத் திரித்து உள்ளே அனுப்புகின்றன. ஆனால் 4000, 5000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளில்தான் அந்தத் திரிபு உருப்படியாகத் தெரியும். ஆக, தாழ்விலிருந்து உச்சம் வரை பல அதிர்வெண்களும் கலந்த ஒலிக்கே திசை சுலபமாகப் பிடிபடும். சைக்கிள் சரளையில் ஏறும் சத்தம், கைதட்டல், செருப்பு உரசல் எல்லாம் அந்த வகை. இதற்கு நேர்மாறான ஒற்றைச் சுரத்துக்கு உதாரணம் சுவர்க்கோழி. ராத்திரி வீட்டுக்குள் அது கத்தும்போது விளக்கைப் போட்டுத் தேடியவர்களுக்குத் தெரியும், பீரோவுக்குப் பின்னால் என்று போனால் சத்தம் கதவோரம் கேட்கும்.

நம் காதுக்கு மிக நுட்பமாகக் கேட்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை. காதுத் துளையின் நீளமே அந்த ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கிறது. ஹாரன் செய்பவர்களுக்கு இது தெரியும். ஐக்கிய நாடுகளின் 28-ஆம் எண் வாகன விதிமுறையே 1800 முதல் 3550 ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் ஹாரன் பலமாக ஒலிக்க வேண்டும் என்கிறது. இன்ஜின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு போகத்தான் இந்த ஏற்பாடு. நன்றாகக் கேட்கும் இடமும் திசை மோசமாகப் பிடிபடும் இடமும் இங்கே ஒன்றாக அமைந்துவிட்டன. ஹாரன் ஒற்றைச் சுரம் அல்ல, அதில் மேலொலிகளும் உண்டு என்று சொன்னால் அது நியாயமான மறுப்புதான். திறந்த வெளியில், பக்கத்தில், ஹெல்மெட் இல்லாத காதுக்கு அந்த மேலொலிகள் உதவவும் செய்யும். ஆனால் ஏற்றிய கார்க் கண்ணாடி முதலில் தடுப்பது உயர்ந்த ஒலிகளைத்தான். பொதுவான சைரன் சுமார் 500 முதல் 1800 ஹெர்ட்ஸுக்குள் ஏறி இறங்குவது. அதில் மேலே எஞ்சியிருப்பதும் கண்ணாடியில் போய்விட்டால் முன்னா பின்னா என்று சொல்ல ஆளில்லை. மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் இரு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குழப்பத்தைக் கூட்டும்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-இலும் 2025-இலும் சொன்ன யோசனை விசித்திரமாகத் தெரிகிறது. ஹாரன்களில் புல்லாங்குழல், தபலா, வயலின், ஹார்மோனியம் ஒலிக்கட்டும் என்றார் அவர். காதுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் புல்லாங்குழல் கிட்டத்தட்ட ஒற்றைச் சுரம். பேருந்து அந்த ஒலியோடு வந்தால் எங்கே என்று தேட வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் தபலா எவ்வளவோ மேல். சட்டென்று எழுந்து அடங்கும் தட்டொலிக்குத் திசை நன்றாகத் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரே அளவு கொடுப்பதில்லை. பார்வையற்றவர்களுக்குச் சாலையே காதால் ஆனது. அழகர்கோவில் சாலையில் சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தில் படித்து, வேலை பார்த்து, பேருந்து பிடித்து நகரத்துக்கு வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். டயரின் உரசல் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கேட்டுத்தான் பார்வையற்றவர் சாலையைக் கடக்கிறார். ஒரு ஏர் ஹாரன் அந்த மெல்லிய தகவலை மொத்தமாக மூடிவிடும். அடுத்து முதியவர்கள். வயது ஏற ஏற முதலில் போவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான். பேச்சு காதில் விழும், பின்னால் வரும் ஸ்கூட்டர் எந்தப் பக்கம் என்று தெரியாது. விசைத்தறி, அரவை ஆலை, கல் அறுக்கும் பட்டறை இவற்றில் பல ஆண்டு நின்றவர்களின் காது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில்தான் முதலில் பழுதாகிறது. அதைத் தொழில்நோயாகச் சட்டம் ஏற்றிருக்கிறது. தொழில்நோய்களுக்கான சட்ட அட்டவணையில் இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடு இருக்கிறது. ஆடியோகிராம் எடுத்து இழப்பீடு கேட்கலாம். ஒரு காது மட்டும் கேட்காதவர்களின் நிலைதான் பரிதாபம். இரண்டு காதையும் ஒப்பிடும் கணக்கு எதுவும் அவர்களுக்குச் செல்லாது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு என்கிறது. பேச்சு கேட்கிறதா என்று பார்த்த சட்டம், திசை தெரிகிறதா என்று பார்க்கவில்லை. ஒற்றைக் காதில் மட்டும் இயர்போன் செருகிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கும் இளைஞர்கள் இந்தக் குறைபாட்டைத் தாமே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே கொடுத்திருப்பது குறைவல்ல. சத்தத் தொல்லையில்லாமல் வாழ்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மாநில அரசு அறிவித்தால் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம்; அங்கே 50, 40. மத்திய மோட்டார் வாகன விதி 119, பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையும் மிதமிஞ்சிக் கீச்சிடும் ஹாரனையும் பொருத்தக் கூடாது என்கிறது; ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலோ, ஹாரன் தடைப் பலகை இருக்கும் இடத்தில் அடித்தாலோ 194-எஃப் பிரிவில் முதல் முறை 1,000, மறுமுறை 2,000 ரூபாய் அபராதம். இத்தனையிலும் ஒலியின் தன்மையைத் தொடுவது விதி 119 ஒன்றுதான். மற்றதெல்லாம் அளவைப் பற்றியது.

‘நம்ம ஊர் டிராஃபிக்கில் பலமாக அடிக்காவிட்டால் யார் ஒதுங்குவார்’ என்பது ஓட்டுநர்கள் சொல்லும் பதில். பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நாள் பேருந்து ஓட்டினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பத்து ஹாரன் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் பதினொன்றாவது எதையும் சேர்த்துச் சொல்வதில்லை. திசை தெரியாமல் திடுக்கிட்டவர் ஒதுங்குவதற்குப் பதில் நின்றுவிடுவார், சில சமயம் வண்டிக்கு நேரே நகர்வார். சத்தத்தைக் கூட்டாமலே திசையைக் கூட்ட முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா விதிங்டன் செய்த ஆய்வுகளைத் தொடர்ந்து, ‘பீப் பீப்’ என்ற ஒற்றைச் சுரத்துக்குப் பதிலாக ‘ஷ் ஷ்’ என்று எல்லா அதிர்வெண்களும் கலந்து ஒலிக்கும் ரிவர்ஸ் அலாரங்கள் லாரிகளுக்கு வந்தன. லாரிக்குப் பின்னால் நிற்பவருக்கு இடம் துல்லியமாகத் தெரியும். நாலு தெரு தள்ளித் தூங்குகிறவருக்குத் தொல்லை குறைவு. 108 ஆம்புலன்ஸ்களின் சைரனுக்கு இடையே இப்படி ஒரு இரைச்சல் துணுக்கைச் சேர்ப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல; சந்திப்பில் நிற்பவருக்கு அது முன்னா பின்னா என்று சொல்லிவிடும்.

திருவிழா மறுப்பு இன்னும் வலுவானது. குழாய் ரேடியோ இல்லாமல் சித்திரைத் திருவிழாவா என்று கேட்பார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. கூம்புக் குழாய்க்குத் தாழ்வும் வராது, உச்சமும் வராது. நடுப்பட்டையை மட்டும் பிடித்துக் கத்தும். ஒரே பாட்டு கம்பத்துக்குக் கம்பம் ஒலிக்கும்போது, அழகர் வரும் வழியில் நெரிசலில் நிற்பவருக்குக் கூப்பிடும் குரலும் விசிலும் எந்தப் பக்கம் என்று தெரியாது. பெட்டி ஸ்பீக்கர்களைக் கூட்டத்தை நோக்கி, தாழ்வாக, சத்தம் குறைத்து வைத்தால் பாட்டும் கேட்கும், குரலும் கேட்கும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் முடியாது.

மின்சார வண்டிகள் இதற்கு நேர் எதிரான சிக்கலைக் கொண்டுவருகின்றன: போதுமான ஒலியே இல்லை. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் புதிய மின்கார் எல்லாவற்றுக்கும் மெதுவாகப் போகும்போது செயற்கை ஒலி கட்டாயம். அது இரண்டு அதிர்வெண் பட்டைகளிலாவது இருக்க வேண்டும், அதில் ஒன்று 1600 ஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது என்று விதியே சொல்கிறது. இந்தியாவில் 2025 செப்டம்பரில் வந்த வரைவு அறிவிப்பு கார், பேருந்து, லாரி வகைகளுக்கு இதைக் கேட்டது. நம் தெருக்களில் அதிகம் ஓடும் மின் ஸ்கூட்டரும் மின் ஆட்டோவும் அதற்குள் வரவில்லை. பார்வையற்றோர் அமைப்புகள் போக்குவரத்து அமைச்சகத்திடம் கேட்க வேண்டிய முதல் திருத்தம் இதுதான்.

புகார் கொடுப்பவர்கள் ‘ஒரே சத்தம்’ என்று எழுதினால் மனு அப்படியே கிடக்கும். ஏர் ஹாரன் என்றால் பதிவெண், தடம், இடம், நேரம், விதி 119 என்று குறிப்பிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் எழுதலாம். ஒலிபெருக்கி என்றால் வரம்பை 10 டெசிபல் தாண்டினாலே ஒலி மாசு விதி 7-இன் கீழ் புகார் செல்லும்; நகருக்குள் மாநகரக் காவல் ஆணையர், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மாவட்ட ஆட்சியர். கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் சான்றாக நிற்காது, ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அளக்க வரச் சொல்ல அது போதும். இரவு 10 மணிக்கு மேல் என்றால் அளக்கவே தேவையில்லை, 100-க்கு அழைத்தால் போதும்.