உழவு இயந்திரத்தின் காற்று வாயில் நீர் புகாது காத்தல்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் ஆகிய ஊர்களின் நெல்வயல்கள் பெரும்பாலும் குடியிருப்புக்களுக்கு மேற்கே, தாழ்ந்த வட்டைகளில் அமைந்துள்ளன. வடகீழ்ப் பருவமழை பலக்குங் காலத்தில் இவ்வயல்களுக்குச் செல்லும் பாதைகளும் தாம்போதிகளும் நீரில் மூழ்குதல் வழக்கம். கல்முனையை நாவிதன்வெளிப் பக்கத்தோடு இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி இதற்கு யாவரும் அறிந்த உதாரணம். பெரும்போகப் பயிர் வயலில் நிற்குங் காலமும் இதுவே. பசளையும் ஆட்களும் வயல் சென்றாக வேண்டும். மற்ற வாகனங்கள் நின்றுவிட்ட பின்னர் பெட்டி பூட்டிய உழவு இயந்திரமே ஓடுகின்றது. ஆதலால் அதன் எஞ்சினுள் நீர் புகும் ஆபத்தும் இக்காலத்திலேயே அதிகம்.

டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. ஆகவே அதனை நீர் ஒன்றுஞ் செய்யாது என்று சாரதிகள் பலர் நம்புகின்றனர். இது பாதி உண்மை. வெளியே நனைவதால் டீசல் எஞ்சின் எளிதில் நிற்பதில்லை என்பது மெய்யே. ஆனால் அது காற்றை இழுத்து நசுக்கியே வேலை செய்கின்றது. 2.5 லீற்றர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் உடைய ஓர் எஞ்சின், நிமிடத்துக்கு 2000 முறை சுழலும்போது ஏறக்குறைய 2500 லீற்றர் காற்றை உள்ளிழுக்கின்றது. ஓர் உருளையில் நிறையும் 830 கன சதமமீற்றர் அளவான காற்று, முசலம் (பிஸ்டன்) மேலெழும்போது ஏறக்குறைய 50 கன சதமமீற்றர் இடத்துக்குள் நசுக்கப்படுகின்றது. காற்று இவ்வாறு சுருங்கும், நீர் சுருங்காது. அச்சிறிய இடத்தை நிரப்பும் அளவு நீர், அதாவது தேநீர்க் கோப்பையில் பாதிக்குங் குறைந்த நீர், உருளையுட் சென்றால் முசலம் மேலேற வழியில்லாது போகும். சுழல்தண்டோ நில்லாது தள்ளும். இடையில் அகப்பட்ட இணைதண்டு வளையும். சில வேளைகளில் முறிந்து எஞ்சின் உடலையே துளைக்கும். ஒரு போகத்து வருமானம் இதனைத் திருத்தப் போதாமற் போகலாம்.

நீர்மட்டம் காற்று வாய்க்குக் கீழே இருந்தாற் போதும் என எண்ணுதல் கூடாது. இயந்திரம் முன்னோக்கிச் செல்லுகையில் நீர் அதன் முகப்பில் அலையாக எழும்பும். வேகம் கூடக்கூட அலையும் உயரும். றேடியேற்றருக்குப் பின்னாலுள்ள விசிறி நீரைத் தொட்டால், அதனை வாரிக் காற்று வாயின்மேல் வீசிவிடும். இவற்றைக் காட்டிலும் பெரிதும் கவனிக்கப்படாதவை கீழே உள்ள இணைப்புக்களாகும். காற்றுச் சுத்திகரிப்பானின் எண்ணெய்க் கிண்ணம் பொருந்தும் விளிம்பு, அங்கிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாய், அதனை இறுக்கும் வளையங்கள், உலர்வகைச் சுத்திகரிப்பானில் தூசு விழுவதற்கு வைத்த இறப்பர் வாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாயினும் நீர் அவ்வழியே நுழையும். எனவே ஓர் இயந்திரம் தாங்கக்கூடிய நீரின் ஆழம் காற்று வாயின் உயரத்தால் அன்றி, பழுதுள்ள இணைப்புக்களுள் மிகத் தாழ்ந்ததன் உயரத்தாலேயே தீர்மானிக்கப்படும்.

இணைப்புக்களைச் சோதிக்கும் முறை எளிது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இறப்பர்த் துண்டு ஒட்டிய தட்டையான பலகை ஒன்றினாற் காற்று வாயை முற்றாக மூடுக. கையினால் மூடுதல் ஆகாது. எஞ்சின் சில நொடிகளில் அடங்கிவிடின் இணைப்புக்கள் நல்ல நிலையில் உள்ளன. தொடர்ந்து ஓடின் வேறெங்கோ காற்று நுழைகின்றது. காற்று நுழையும் வழியே நீரும் நுழையும். மழைக்கு முன்னர், புரட்டாதி மாதத்திலேயே இச்சோதனையைச் செய்துகொள்வது நன்று. காற்று வாய் தாழ்வாக அமைந்த இரு சக்கர உழவு இயந்திரங்களுக்கு இது மேலும் அவசியமாகும்.

இதன் பின்னரே காற்று வாயைக் குழாய் வைத்து உயர்த்துதல் பயன்தரும். இது புதிய உபாயம் அன்று. 1944 இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய இராணுவ வாகனங்களுக்கும் இவ்வாறு உயர்ந்த குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. குழாயின் உள்விட்டம் பழைய வாயின் விட்டத்திற் குறைதல் கூடாது. குறைந்தால் எஞ்சின் மூச்சுமுட்டிக் கரும்புகை கக்கும். வளைவுகள் குறைவாக இருத்தல் வேண்டும். பிளாத்திக்குக் குழாயாயின் புகைபோக்கியின் வெப்பம் படாத பக்கத்திற் பொருத்துக. உச்சியில் மழை விழாதபடி மூடி அவசியம். நிமிர்ந்த புகைபோக்கி வழியாகவும் மழைநீர் உருளைக்குள் இறங்கும்; ஆதலால் எஞ்சினை நிறுத்தி அது ஆறிய பின்னர், வெற்றுப் பால்மாப் பேணி ஒன்றை அதன்மேற் கவிழ்க்கும் வழக்கம் மிக நல்லது. இயக்குமுன் அதனை எடுக்க மறக்கலாகாது.

நீரைக் கடக்கையில் முகப்பைப் படங்குத் துண்டினால் மறைத்து, தாழ்ந்த கியரில், ஒரே சீராக மெல்லச் செல்லுதல் வேண்டும். கரையேறியதும் படங்கை அகற்றாவிடின் எஞ்சின் கொதிக்கும். ஆயினும் இவை யாவும் தேங்கி நிற்கும் நீருக்கே பொருந்தும். ஓடும் வெள்ளம் எஞ்சினை நிறுத்தாமலே இயந்திரத்தைப் புரட்ட வல்லது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போனதில் மத்ரசா மாணவர் பலர் உயிரிழந்தனர். தாம்போதியின் விளிம்பு தெரியாதபோதும், நீர் இழுத்தோடும்போதும் எவரையும் பெட்டியில் ஏற்றிச் செல்லுதல் கூடாது.

எஞ்சின் நீரில் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலற்க. முதல் முறை தப்பிய இணைதண்டு பெரும்பாலும் இரண்டாம் முயற்சியிலேயே வளைகின்றது. கியரை விடுவித்த நிலையிற் கரைக்கு இழுத்து வந்து, சுத்திகரிப்பானின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கவும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது. அவ்வாறாயின் டீசல் பீச்சும் முனைகளைக் கழற்றி, எஞ்சினைக் கையினால் மெல்லச் சுழற்றி, துளைகள் வழியே நீர் முழுவதையும் வெளியேற்றுக. துளைகளுக்கு நேரே முகத்தை வைத்தல் ஆகாது. பின்னர் எஞ்சின் எண்ணெயின் வடிகால் ஆணியைத் தளர்த்துக. நீர் எண்ணெயிலும் கனமானதால் அதுவே முதலில் வடியும். எண்ணெய் முழுவதையும் மாற்றி, அரை மணி நேரம் மெதுவாக ஓட்டியபின் அளவுகோலை எடுத்துப் பார்க்க, எண்ணெய் மறுபடியும் வெளுத்திருந்தால் மீண்டும் ஒருமுறை மாற்றுதல் வேண்டும்.