வத்தேகமச் சூழலிற் குடியும் காணியும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1880ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அப்பாதையில் வத்தேகமவில் இறங்கி நோக்குவார்க்கு இருவகைக் குடியிருப்புகள் புலப்படும். பள்ளத்தே வயல் சூழ்ந்த சிங்களக் கிராமங்கள். மேட்டு நிலத்தே தேயிலைத் தோட்டங்களின் லயங்கள். இவ்விரண்டனையும் உறவுமுறை கொண்டு ஒப்புநோக்குவாம்.

கண்டிச் சிங்களவரின் பழைய கிராமம் வயல், வீட்டுத்தோட்டம், சேனை என்னும் மூன்றன்மேல் நிலைபெற்றது. ஆங்கு ஒருவன் பெயருக்கு முன்னே அவன் குடிப்பெயர் வரும். அது பெரும்பாலும் ‘கெதர’ என முடியும். அச்சொல்லின் பொருள் வீடு என்பதே. குடியினர் வேற்றூர் சென்ற பின்னரும் அப்பெயர் அவரைத் தொடரும். வழிவழி வந்த காணியைப் ‘பரவேணி’ என்பர். யாழ்ப்பாணத்துத் தேசவழமை கூறும் முதுசத்தோடு இஃது ஒப்பிடத்தக்கது.

விவாகமும் காணியைத் தழுவியதே. ‘தீக’ விவாகத்திற் பெண் கணவன் இல்லம் புகுவாள். புகவே, தந்தையின் பரவேணியில் அவளுக்குரிய பங்கு பொதுவாக நீங்கும். ‘பின்ன’ விவாகத்தில் கணவன் மனைவியின் இல்லத்துக்கு வருவான். அவள் பங்கு நிலைக்கும்.

இனி உறவுப்பெயர்களை நோக்குக. தாயுடன் பிறந்தான் அவர்க்கும் மாமாவே. அவன் மகன் ‘மஸ்ஸினா’, நம் மைத்துனன். தந்தையின் தமையன் ‘மஹப்பா’, நம் பெரியப்பா. மாமன் மகளும் அத்தை மகளும் மணத்திற்குரியர். பெரியப்பன் மகளோ உடன்பிறந்தாளாகவே கொள்ளப்படுவாள். இவ்வொப்புமை பற்றியே மானிடவியலார் சிங்கள உறவுமுறையைத் திராவிட வகையுள் அடக்குவர்.

உறவுமுறை ஒத்திருப்பவும் வாழ்வு வேறுபட்டதேன்? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் சேனையையும் அரசுக்கு ஆக்கிற்று. கிராமத்தார் சேனையை இழந்தனர். கோப்பித் தோட்டங்கள் பெருகின. பின்னர்த் தேயிலை வந்தது. அத்தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்த கங்காணி, பெரும்பாலும் தன் ஊரவரையும் உறவினரையுமே அழைத்து வந்தான். மாமனும் மைத்துனனும் கடல் கடந்து உடன் வந்தனர், காணி வரவில்லை. கெதரப் பெயருடையான் தன் குடி வேர்கொண்ட இடத்தைச் சுட்டிக் காட்டவல்லன். லயத்திலிருந்தவனுக்கோ வேலை நீங்கின் அறையும் நீங்கும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சி நின்றார்க்குக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டிலே சட்டம் பிறந்தது. ஆயினும் தமக்கென வீட்டுக்காணி இன்றி லயங்களில் வாழ்வோர் இன்றும் பலர்.

ஒரே வகை உறவுமுறையுடைய இருசாராருள் ஒருசாரார் ஊருடையராகவும் மற்றவர் ஊரற்றவராகவும் நின்றமை குலத்தின் வேறுபாட்டால் விளைந்ததன்று. காணியுரிமையின் வேறுபாட்டால் விளைந்தது. குடிவரலாறு ஆராய்வார் குருதித் தொடர்பினை வினவுவதோடு அமையாது, அக்குடிக்குக் காலூன்ற நிலம் இருந்ததா என்பதனையும் வினவுதல் வேண்டும்.