விபத்து இழப்பீடும் மருத்துவமனைப் பதிவேடும்

சாலை விபத்தில் காயமுற்றவரை அழைத்து வரும் குடும்பத்தினர் சிலர், காவல் நிலையம், நீதிமன்றம் என அலைய நேருமோ என்றஞ்சி, "வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்று எங்களிடம் கூறுவதுண்டு. பின்னர் அவர் வேலைக்குத் திரும்ப இயலாமல் இழப்பீடு கோரும்போது, அந்த ஒரு வரியே அவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. விபத்துப் பதிவேட்டில் எழுதியதைப் பின்னாளில் கேட்டுக்கொண்டாலும் எங்களால் மாற்ற இயலாது.

ஆகவே, மோதிய வாகனம், இடம், நேரம் ஆகியவற்றை முதல் நாளிலேயே உள்ளபடி கூறுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். காவல்துறை நடைமுறைகளுக்காக அவசர சிகிச்சை காத்திருக்காது. உடனே சிகிச்சையளிப்பது மருத்துவரின் சட்டக் கடமை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, காயமுற்றவரோ, அவர் இறந்திருப்பின் சட்டப்படியான வாரிசுகளோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நிகழ்ந்த ஊரில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் மனு அளிக்கலாம். சட்டம் குறிக்கும் கால வரம்பு விபத்து நாளிலிருந்து 6 மாதங்கள். சிகிச்சை முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மோதிவிட்டுச் சென்ற வாகனம் இன்னதென்று தெரியாவிடினும், இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் பெறச் சட்டத்தில் வழியுண்டு.

நிரந்தர ஊனத்தின் விழுக்காடு குறித்துப் பலரும் எங்களிடம் வினவுகின்றனர். மருத்துவர் அளவிடுவது உறுப்பின் செயலிழப்பை. தீர்ப்பாயம் கணக்கிடுவது வருமான இழப்பை. இரண்டும் ஒன்றல்ல என்பதை 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முழங்கால் மடங்காத கணக்கர் தம் பணியைத் தொடரக்கூடும்; அதே குறையுடைய கொத்தனார் சாரத்தில் ஏற இயலாது. எனவே, விழுக்காட்டைக் கூட்டித் தருமாறு கேட்பதைவிட, தாம் செய்துவந்த தொழிலையும் பெற்ற ஊதியத்தையும் சான்றுகளுடன் நிறுவுவதே பயன் தரும். இழப்பீட்டை எண்ணி இயன்முறை சிகிச்சையை நிறுத்துவோரையும் காண்கிறோம். இறுகிப்போன மூட்டைப் பின்னர் மீட்பது அரிது. எந்தத் தொகையும் அதற்கு ஈடாகாது.

முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே படங்கள், மருந்து ரசீதுகள், பயணச் செலவு விவரங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் பாதுகாத்து வையுங்கள். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு அங்கு இலவச உதவி கிடைக்கும்.