மரத்த பாதத்துக்கு ஒரு மெத்தை

சித்திரை வெயிலில் தருமபுரி–பென்னாகரம் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நிற்க நேர்ந்தால் உடனே நிழலுக்கு ஓடுவீர்கள். ஓடச் செய்வது வலி. தொழுநோயால் நரம்பு கெட்ட பாதத்துக்கு அந்த வலி தெரியாது. நோய்க்கிருமிதான் விரல்களைத் தின்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். உணர்ச்சியற்ற பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்துவதே புண்ணுக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், வேலூரில் பணியாற்றியவர். வேலூரிலும் கரிகிரியிலும் இத்தகைய பாதங்களுக்குச் செருப்பு செய்யக் கைகொடுத்தது நுண்ணறை ரப்பர். மிகச் சிறிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் அது.

ஒரு கணக்குப் போடுங்கள். 50 கிலோ எடை 20 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் இரண்டரைக் கிலோ தாங்கவேண்டும். மெத்தை அந்த எடையை 100 சதுர சென்டிமீட்டருக்குப் பரப்பிவிட்டால் அரைக் கிலோதான்!

அப்படியானால் எவ்வளவு மென்மையோ அவ்வளவு நல்லதா? இல்லை. அழுத்தும்போது முதலில் அறைச்சுவர்கள் வளைகின்றன; பிறகு மடிந்து சரிகின்றன. சுவரோடு சுவர் ஒட்டியபின் சுருங்க இடமேது? மிக மென்மையான ரப்பர் முதல் அடியிலேயே இந்நிலையை எட்டி, கட்டாந்தரை போலாகிவிடும். எனவே களிமண், சுண்ணாம்புத்தூள், புகைக்கரி போன்ற நிரப்பிகளைச் சேர்த்துச் சுவர்களுக்கு வலுவூட்டுகிறார்கள். அளவு மிஞ்சினால் பலகைதான்! ஷோர் கடினமானியில் ஏறத்தாழ 15 முதல் 20 வரை காட்டும் ரப்பரே இதற்கு ஏற்றது.

இந்த அளவு நிலையாக இருப்பதுமில்லை. நிரப்பி கலந்த ரப்பரை ஒருமுறை அழுத்திவிட்டால் மறுமுறை சற்று எளிதாக வளைந்து கொடுக்கும். இதை ஆராய்ந்த ஆங்கிலேயரின் பெயரால் ‘மல்லின்ஸ் விளைவு’ என்பார்கள். வேகமாக நடந்தால் அதே ரப்பர் சற்று விறைக்கும். நாள்தோறும் மிதிபடும்போது அறைகளிலுள்ள காற்று சுவர் வழியே மெல்லக் கசியும். ரப்பர் தட்டையாகி அப்படியே நின்றுவிடும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். நம் கோடையில் செருப்பை வெயிலில் போட்டுவைப்பது அதன் ஆயுளைக் குறைப்பதுதான்.

முள்ளும் ஆணியும் ஏறாதிருக்க, அடியில் கடினமான ரப்பர் வேண்டும். இத்தனையும் செய்தபின், அந்தச் செருப்பைக் கண்டாலே நோயாளி என்று ஊரார் ஒதுக்கியதால் பலர் அணியக் கூசினர். அதற்கு ரப்பர் என்ன செய்யும்!

நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கும் இன்று இவ்வகைச் செருப்பு உதவுகிறது. உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ அணிந்தால், உள்தகட்டின் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்துங்கள். ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கி, விட்டதும் நிமிரவேண்டும். அடுத்து குதிகால் பதியும் இடத்தைப் பாருங்கள். அங்கே குழி விழுந்து அப்படியே நின்றிருந்தால் தகட்டை மாற்றச் சொல்லுங்கள்.